மணியோசைக்கு இத்தனை நீளச் சொல்லா?

கேள்வி: ‘டின்டினாபுலேஷன்’ என்றால் மணியோசையாம். அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ உருவாக்கிய சொல் என்கிறார்கள். ‘ரிங்கிங்’ என்று எளிய சொல் இருக்கும்போது இது எதற்கு? படிப்பைக் காட்டிக்கொள்ளவா?

பதில்: போ உருவாக்கிய சொல் அல்ல. பலரும் திரும்பத் திரும்பச் சொல்லும் தவறு இது. இந்தச் சொல் வரும் அவருடைய ‘தி பெல்ஸ்’ கவிதை 1849 நவம்பரில், அவர் இறந்த அடுத்த மாதம் அச்சில் வந்தது. அதற்கு முன்பே, 1846 முதல் 1848 வரை தொடராக வந்த ‘டோம்பி அண்ட் சன்’ நாவலில், பள்ளியில் சாப்பாட்டுக்கு அழைக்கும் சேகண்டியின் முழக்கத்துக்கு சார்லஸ் டிக்கன்ஸ் இதே சொல்லைப் போட்டிருக்கிறார். சொல்லைப் புகழடையச் செய்தவர் போ, அவ்வளவுதான்.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘டின்னிரே’ என்றால் ஒலித்தல். முதல் அசை இரட்டித்து ‘டின்டின்னாரே’ ஆகி, அதிலிருந்து மணிக்கு ‘டின்டின்னாபுலும்’ என்ற பெயர் வந்தது. நம் ‘கிண்கிணி’யும் இப்படி ஓசை இரட்டித்து அமைந்ததுதான். உடனே தமிழிலிருந்துதான் லத்தீனுக்குப் போனது என்று யாரும் கிளம்ப வேண்டாம். காதில் விழுந்த ஓசையைச் சொல்லாக்குவது எல்லா மொழிக்கும் பொதுவான பழக்கம். வெளியே சத்தமே இல்லாமல் காதுக்குள் மட்டும் கேட்கும் இரைச்சலை மருத்துவர்கள் ‘டின்னிடஸ்’ என்கிறார்களே, அதற்கும் இதே வேர்தான்.

சரி, காட்டிக்கொள்ளவா என்று கேட்டீர்கள். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. போவின் கவிதையை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதில் நான்கு வகை மணிகள் வருகின்றன: பனிச்சறுக்கு வண்டியின் வெள்ளி மணி, திருமணத்தின் பொன் மணி, தீ விபத்தை அறிவிக்கும் பித்தளை மணி, சாவுக்கு அடிக்கும் இரும்பு மணி. ‘டின்டினாபுலேஷன்’ வருவது வெள்ளி மணிக்கு மட்டும். பித்தளை மணி வந்ததும் ‘கிளாங்’, ‘கிளாஷ்’ என்று உலோகம் மோதும் சொற்களுக்குத் தாவுகிறார். இரும்பு மணி முனகுகிறது. பல சிறு மணிகள் விட்டுவிடாமல் சிலிர்த்துக்கொண்டே இருப்பதைச் சொல்ல ‘ரிங்கிங்’ அவருக்குப் போதவில்லை. அந்த நீளமே ஒலியின் நீளம். வாசல் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்ததைச் சொல்ல வேண்டுமா? அங்கே நீங்கள் சொல்லும் ‘ரிங்கிங்’ போதும். அங்கே ‘டின்டினாபுலேஷன்’ என்று திணித்தால் சொல்லும் கெடும், வாக்கியமும் கெடும்.