பல வருடம் ஓடாமல் நின்ற பழைய காரில், துருப்பிடித்து இறுகிப்போன பாகங்களை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

கையில் நீளமான ஸ்பேனர் இருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள். நான் முதன்முதலாகப் பிரித்த காரில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டு ஒன்றை, ஸ்பேனரில் குழாய் மாட்டி முதல் நாளே இழுத்தேன். லேசாகச் சுற்றியது. கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பார்த்தால் நட்டு மாட்டியிருந்த தலையில்லாத போல்ட், அதாவது ஸ்டட்தான் முறுக்கிக்கொண்டு சிலிண்டர் ஹெட்டோடு ஒட்ட அறுந்திருந்தது. அந்தத் துண்டை வெளியே எடுக்க இரண்டு வாரம் ஆனது.

இரும்பை விடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். மரைகளுக்கு நடுவே அது உப்பிக்கொண்டு, ஆப்பு வைத்தது போல இறுக்கிவிடும். நொறுங்க வேண்டியது அந்தத் துரு, போல்ட் அல்ல.

வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள். ஆட்டோமேட்டிக் கார்களுக்கான கியர் ஆயிலையும் (ATF) அசிட்டோனையும் சம அளவு கலந்து, ஊற்றும் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, காலையும் மாலையுமாக மூன்று நாள் விடுங்கள். பெயின்ட், ரப்பர் மேல் படக்கூடாது; பக்கத்தில் நெருப்பே கூடாது. நடுநடுவே போல்ட் தலையில் சுத்தியலால் நேராகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் துரு விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும்.

பிறகு ஆறு முனை சாக்கெட் போட்டு, கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் ஒரு நூலளவு இறுக்கிப் பாருங்கள். 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அது. அதன் பின் அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே. மரையிலிருந்து பழுப்பு நிறக் குழம்பாக எண்ணெய் கசிந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். ரப்பர் போல 'மெத்'தென்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள், அது அறுபடப் போகிறது.

அதற்கும் அசையாவிட்டால் சூடு. அசிட்டோனை முழுதாகத் துடைத்து உலரவிட்டு, போல்ட்டை விட்டு நட்டை மட்டும் சூடேற்றுங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தைச் சூடாக்கினால் உயிரைக் குடிக்கும் ஃபாஸ்ஜீன் வாயு வரும்.

எஞ்சினே பிடித்துக்கொண்டிருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அதே கியர் ஆயிலை மட்டும், அசிட்டோன் இல்லாமல், கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, கிராங்க் ஷாஃப்ட் நுனியில் இருக்கும் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

கழற்றிய சின்ன இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் சார்ஜர். பாகத்துக்கு நெகட்டிவ், வேண்டாத இரும்புத் துண்டுக்குப் பாசிட்டிவ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பாசிட்டிவில் மாட்டினால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங், சஸ்பென்ஷன் போல்ட் எதையும் இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் ஏறிய கடின எஃகு ஓட்டத்தில் பட்டென்று உடையலாம். எடுத்ததும் துடைத்து எண்ணெயோ பிரைமரோ பூசாவிட்டால் கண்ணெதிரே மறுபடி செம்மண் நிறம் ஏறும்.

பாடித் தகட்டை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெட்டி வெல்டிங்தான், எந்த ரசாயனமும் உதவாது.

திரும்ப மாட்டும்போது மரையில் காப்பர் கிரீஸ் தடவலாம். ஆனால் கிரீஸ் பட்ட மரை அதே விசைக்கு அதிகமாக இறுகும் என்பதால், உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை (இறுக்கும் முறுக்கு விசையை) அப்படியே கொடுக்காமல் குறைத்துக்கொள்ளுங்கள்.