காலர்டு கீரை மிஞ்சிவிட்டது, ப்ரீசரில் எப்படி வைப்பது?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் கால் ஏக்கரில் காலர்டு கீரை போட்டிருக்கிறேன். பெங்களூரு கடைக்காரர் ஒருவர் கேட்டதால் நட்டது. இப்போது பாதிதான் எடுத்துக்கொள்வேன் என்கிறார். ஐஸ்கிரீம் விற்றபோது வாங்கிய 300 லிட்டர் டீப் ப்ரீசர் வீட்டில் இருக்கிறது. இலையைக் கழுவி அப்படியே கவரில் கட்டி வைத்துப் பார்த்தேன். ஒரு மாதத்தில் வைக்கோல் வாசனை அடித்துக் கசந்துவிட்டது. மொத்தமாக அறுத்துப் பதப்படுத்த வழி சொல்லுங்கள் ஐயா. மாட்டுக்கும் போடலாமா?

பதில்: மொத்தமாக அறுக்காதீர்கள். காலர்டு, முட்டைக்கோஸின் பங்காளி. ஆனால் கோஸ் கட்டாது, இலை இலையாக விட்டுக்கொண்டே போகும். காஷ்மீரில் ‘ஹாக்’ என்று தினமும் சமைக்கிறார்களே, அந்த வகைதான். நுனியில் ஆறேழு இலையை விட்டுவிட்டு அடியிலிருந்து ஒடித்து எடுத்தால் செடி மறுபடி தழைக்கும். உங்கள் பக்கத்துப் பனி இதற்கு நன்றாக ஒத்துப்போகும், குளிரில் இலை இனிப்பு ஏறும். மாசி, பங்குனி வெயில் வந்தால்தான் முற்றிக் கசக்கும். அதுவரை செடியிலேயே நிற்கட்டும். ப்ரீசர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மட்டும் அன்றன்றைக்கு ஒடியுங்கள்.

எவ்வளவு தாங்கும்? 300 லிட்டர் என்பது சுமார் பத்தரை கன அடி. ஒரு கன அடிக்கு ஒரு நாளில் ஒரு கிலோ, மிஞ்சினால் 1.3 கிலோ புதுச் சரக்குதான் ஒழுங்காக உறையும். அதாவது நாளைக்கு 10 கிலோ, அதிகம் போனால் 13. இடம் காலியாக இருக்கிறதே என்று 40 கிலோவைத் திணித்தால் உறைய நாள் கணக்காகும். இலைக்குள் பெரிய பெரிய பனித்துகள் உண்டாகி, சமைக்கும்போது கூழாகிவிடும். ப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் ஓடுகிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். கூலராகவும் மாற்றிக்கொள்ளும் வகை என்றால் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

சரி, கசப்புக்கு வருவோம். ஒடித்த பிறகும் இலைக்குள் நொதிகள் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். குளிர் அவற்றை மந்தமாக்கும், அழிக்காது. அந்த வைக்கோல் வாசனைக்குக் காரணம் இதுதான். கொதிநீரில் முக்கி எடுத்தால்தான் நொதி அடங்கும். அரைகுறையாக முக்குவது முக்காமல் விடுவதைவிட மோசம், நொதியைத் தூண்டிவிட்டது போலாகும். சாதாரணக் கீரைக்கு 2 நிமிடம் போதும். காலர்டு தடித்த இலை, 3 நிமிடம் முழுதாக வேண்டும். உங்கள் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆனாலும் இதற்காக நேரத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

வெயில் ஏறுமுன் ஒடித்து, ஈரச் சாக்கு போர்த்திக் கொண்டுவாருங்கள். இலைமேல் சாம்பல் பூத்த மாதிரி மெழுகு இருக்கும், தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும். அதனால் மேலாகக் கழுவினால் போதாது. புரட்டிப் பாருங்கள்: நடு நரம்பை ஒட்டி அசுவினி அடையாக அப்பியிருக்கும், வைரமுதுகுப் பூச்சியின் பச்சைப் புழுவும் அங்கேதான். உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். மருந்து அடித்திருந்தால் லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் கழிந்த பிறகே ஒடிக்க வேண்டும். முக்குவதால் மருந்து முழுக்கப் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

நடுத்தண்டைக் கிழித்து எடுத்துவிட்டு இலையைப் பட்டையாக நறுக்குங்கள். ஒரு கிலோ இலைக்கு 16 லிட்டர் தண்ணீர். 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கிற அண்டா என்றால் ஒரு தடவைக்கு மூன்று கிலோவுக்கு மேல் போடக் கூடாது. வலைப்பையில் கட்டி இறக்கினால் தூக்குவது சுலபம். இலை போட்டதும் கொதி அடங்கும். ஒரு நிமிடத்துக்குள் திரும்பக் கொதி வர வேண்டும், வராவிட்டால் இலை அதிகம் என்று அர்த்தம். கொதி வந்ததிலிருந்து 3 நிமிடம். மெழுகு கரைந்து, சாம்பல் நிறம் போய், இலை பளிச்சென்று கரும்பச்சைக்கு மாறும். பச்சை தங்குவதற்காகச் சோடா உப்பு போடுவார்கள். வேண்டாம், வைட்டமின் சி போய்விடும். ஆவியில் அவிக்கவும் வேண்டாம், இலை ஒன்றோடொன்று ஒட்டி நடுவில் சூடு ஏறாது.

எடுத்த கையோடு போர் தண்ணீரில் ஒரு முக்கு, அப்புறம் ஐஸ் தண்ணீர். இலை எவ்வளவு எடையோ அவ்வளவு ஐஸ், நேரம் அதே 3 நிமிடம். பெரும்பாலும் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். ஐஸ் வாங்கச் சங்கடப்பட்டு வெறும் தண்ணீரில் போட்டால் உள்சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். பிறகு நன்றாக வடித்து, லேசாகப் பிழிந்து, அரைக் கிலோ அளவில் கவரில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி, விரிவதற்கு அரை அங்குலம் விட்டு மூடுங்கள். தேதி எழுதுங்கள். முதல் நாள் அடுக்காமல் ப்ரீசர் சுவரை ஒட்டிப் பரப்புங்கள். 8 முதல் 12 மாதம் தாராளமாக நிற்கும். சமைக்கும்போது இளக வைக்காமல் நேராகச் சட்டியில் போடுங்கள். களிக்குக் கடைசல் செய்தால் ப்ரீசரில் வைத்த கீரை என்று யாருக்கும் தெரியாது.

கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள். நிறைந்த ப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்புங்கள்.

இந்தப் பொட்டலங்களை விற்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், வண்டியிலும் மைனஸ் 18 நிற்க வேண்டும். அந்த வசதி இல்லாதவரை வீட்டுக்கும் உறவுக்கும் மட்டும் வையுங்கள். மிச்சத்தைப் பச்சையாக ஓசூர் உழவர் சந்தையில் கட்டுக் கட்டி விற்றுப் பாருங்கள். புளி வைக்கிற குளிர்பதனக் கிடங்கை நம்ப வேண்டாம். பூஜ்ஜியம் டிகிரியில், நல்ல ஈரப்பதத்தில் வைத்தாலே இந்த இலை 10 முதல் 14 நாள்தான்.

மாட்டுக்குத் தண்டும் பழுத்த இலையும் போடலாம், ஆனால் வைக்கோலோடு கலந்து, மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள். நாள்கணக்கில் இதையே வயிறு நிறையப் போட்டால் இரத்தசோகை வரும். சினைமாட்டுக்கு இன்னும் குறையுங்கள். மருந்து அடித்த இலை என்றால், மாட்டுக்கும் அதே காத்திருப்பு நாள்தான்.