கேட்ட விலையும் விற்ற விலையும்: பழைய நாணயம், தபால்தலை கேள்வி-பதில்

கேள்வி: டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு 5 லட்சம், வைஷ்ணோ தேவி நாணயத்துக்கு 10 லட்சம் என்று வீடியோவில் சொல்கிறார்கள். போன் செய்தால் பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? (தென்காசி வாசகர்)

பதில்: ஒரு பைசா அனுப்பாதீர்கள். பணம் தரவேண்டியது வாங்குகிறவர்தான். விற்கிறவரிடம் முன்பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். இன்று 2,500 என்பார்கள், நாளை ஜிஎஸ்டி, அதன்பின் ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று நீளும். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட கடிதத்தையும் அனுப்பி வைப்பார்கள். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தனக்குச் சம்பந்தம் இல்லை, எந்தக் கட்டணமும் கமிஷனும் தான் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

வைஷ்ணோ தேவி நாணயம் 2012இல் 5 ரூபாய், 10 ரூபாய் மதிப்புகளில் புழக்கத்துக்கே விடப்பட்டது. டிராக்டர் நோட்டு கோடிக்கணக்கில் அச்சானது. இரண்டும் அபூர்வம் இல்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் 10 லட்சம் என்று விலை போட்டு வைக்கலாம், அது கேட்ட விலை. நீங்கள் பார்க்கவேண்டியது விற்ற விலை. மும்பை, பெங்களூரு, அகமதாபாத்தில் உள்ள நாணய ஏல நிறுவனங்கள் ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் எந்தப் பொருள் எவ்வளவுக்குப் போனது என்று படத்தோடு வெளியிடுகின்றன. உங்களிடம் இருப்பதைப் போன்ற பொருள், அதே நிலையில், அங்கே என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: பாட்டியின் பெட்டியில் நாற்பது வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் எல்லாம் கலந்திருக்கின்றன. நகைக்கடைக்காரர் மொத்தமாக எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? (காரைக்குடி வாசகி)

பதில்: பிரித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினால் போதும். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு, ஒரு காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், இவ்வளவுதான் தேவை.

முதலில் ஆண்டுவாரியாக அடுக்குங்கள். 1939 வரை அடித்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். தேய்ந்திருந்தால் தராசில் 11.4, 11.5 என்று காட்டும், பயப்படவேண்டாம். 11 கிராமுக்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். 1940 முதல் 1945 வரை எடை அதே, வெள்ளி மட்டும் பாதி. போர்க்காலத்தில் வெள்ளி போதாமல் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தார்கள். அதில் சுத்த வெள்ளி 5.83 கிராம்தான். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொள்ளும்.

ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பாதி வெள்ளிக் காசையும் முழு வெள்ளிக் காசையும் ஒன்றாகத் தராசில் போட்டு, எல்லாவற்றுக்கும் பாதி வெள்ளிக் கணக்குப் போடுவார்கள். கணக்குக்காக வெள்ளி கிராம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வெள்ளி ரூபாயின் உலோக மதிப்பே சுமார் 1,603 ரூபாய், பாதி வெள்ளிக்கு 874. விற்கும் நாளின் விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

2025இல் வெள்ளி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதில் இந்தச் சந்தையே மாறிவிட்டது. தேய்ந்த 1901, 1907, 1918 ரூபாய்களுக்குச் சேகரிப்பாளர் தரும் விலையும் உலோக விலையும் நெருங்கிவிட்டன. அதனால் அவை உருக்குவதற்குப் போகின்றன. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அவற்றை எடைக்கு விற்பதில் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

ஆனால் சிலவற்றை எடுத்து வையுங்கள். தேய்மானமே இல்லாமல், அரசரின் தலைமுடி இழை இழையாகத் தெரியும் காசு எந்த ஆண்டாக இருந்தாலும் தனி விலை பெறும். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயையும் தனியே வையுங்கள். அதில் அரசரின் அங்கியிலுள்ள யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, பெரும்பகுதியைத் திருப்பி உருக்கிவிட்டு அச்சைத் திருத்தினார்கள். ‘பன்றி ரூபாய்’ என்றே அதற்குப் பெயர். மார்பருகே அங்கியில் லென்ஸை வைத்துப் பாருங்கள்: 1911இல் தும்பிக்கை குட்டையாக, பன்றி மூஞ்சி போல இருக்கும். 1912இல் நீண்டு தெளிவாக இருக்கும்.

1939 என்று ஒரு ரூபாய் கிடைத்தால் உடனே கொண்டாடவேண்டாம். நிஜமானது மிகமிக அபூர்வம், ஏலத்தில் லட்சங்களில் போகும். அதனாலேயே போலியும் அதிகம். 1938இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவார்கள். அந்த இலக்கத்தைச் சுற்றியுள்ள தளம் மற்ற இடத்தைவிடத் தாழ்ந்தோ, கீறலாகவோ, வேறு மினுக்கத்திலோ இருந்தால் அது கைவேலை. அசலா என்று சோதித்து, நிலைக்கு மதிப்பெண் போட்டுத் தரும் தரச்சான்று நிறுவனத்தின் மூடிய பெட்டிக்குள் இல்லாத 1939 ரூபாயைக் காசு கொடுத்து வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: கறுத்துப்போன காசுகளைப் புளி போட்டுத் தேய்த்து விற்றால் நல்ல விலை வருமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: விலை பாதியாகும். புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரம் தேய்க்கும் பொடி எதுவும் படக்கூடாது. அமிலம் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை, உலோகத்தின் மேல்படலத்தையும் தின்றுவிடும். பொடி மெல்லிய கீறல்களைப் போடும். விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் ஒரே திசையில் ஓடும் அந்தக் கீறல்கள் எந்த வியாபாரி கண்ணுக்கும் தப்பாது. தரச்சான்றுக்கு அனுப்பினால் மதிப்பெண் கிடைக்காது, ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்புடன் திரும்பி வரும். சீராகப் படிந்த கருமையை நல்ல சேகரிப்பாளர் விரும்பியே வாங்குவார்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒருநாள் ஊறவிட்டு, தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். மலிவான பிவிசி உறையில் பல வருடம் கிடந்த காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். அதற்குச் சுத்த அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி வேலை செய்யுங்கள். பிறகு மைலார் என்னும் பிவிசி கலக்காத பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் உள்ள அட்டை உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

கேள்வி: ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818 கிழக்கிந்தியக் கம்பெனி காசு. அரிசி மணிகளை இழுக்கும் அதிசய சக்தி இருக்கிறது, 2 கோடி தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா? (ராமநாதபுரம் வாசகர்)

பதில்: கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பிற்காலத்தில் யாரோ அடித்த வில்லை அது. இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரியான கம்பெனி நாணயம் வந்ததே 1835இல்தான். அரிசியை இழுப்பது, இரிடியம் கலசம் எல்லாம் ஒரே மோசடிக் கும்பலின் சரக்கு. ‘பரிசோதனைச் செலவு’ என்று உங்களிடம் கறப்பதுதான் நோக்கம். காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் உலகச் சாதனை விலை என்கிறார்கள், மறுபக்கம் சந்தை விழுந்துவிட்டது என்கிறார்கள். எது நிஜம்? (மதுரை வாசகர்)

பதில்: இரண்டும் நிஜம். 2021 ஜூன் 8 அன்று நியூயார்க்கில் சோத்பீஸ் நடத்திய ஒரே ஏலத்தில் இரண்டையும் பார்க்கலாம். விற்றவர் ஒருவரே, காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன். அமெரிக்காவின் 1933 இருபது டாலர் தங்க நாணயத்தை அவர் 2002இல் 75.9 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார், அன்று சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போனது. 1856ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் தபால்தலையை 2014இல் 94.8 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தார், அது 83 லட்சத்துக்குத்தான் போனது. இரண்டுமே உலகில் ஒற்றைப் பொருள்கள். அந்தத் தபால்தலை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. 1933 நாணயங்களில் தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான், மற்றவை உருக்கப்பட்டன அல்லது அரசு வசம் உள்ளன. ஒற்றைப் பொருள் என்பதே லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை. அன்றைக்கு விட்டுக்கொடுக்காமல் மோதும் இரண்டு பேர் வேண்டும்.

உச்சியில் நடக்கும் விற்பனை கீழே இருப்பதைத் தூக்கிவிடாது. 2022இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மாண்டிலின் படம் போட்ட 1952 அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. அதே அட்டை, மூலை மடங்கி நடுவில் மடிப்பு விழுந்திருந்தால், அதன் மிகச் சிறு பங்குக்குத்தான் போகிறது.

கேள்வி: ஏலத்தில் விற்றால் செய்தியில் வரும் தொகை முழுவதும் உரிமையாளருக்குக் கிடைக்குமா? (சேலம் வாசகி)

பதில்: கிடைக்காது. 2024 டிசம்பரில் சிட்னியில் டான் பிராட்மன் இந்தியாவுக்கு எதிரான 1947-48 தொடரில் அணிந்த பச்சைத் தொப்பி ஏலம் போனது. ஏலக்காரரின் சுத்தியல் விழுந்தது, அதாவது கடைசியாகக் கேட்ட விலை, 3,90,000 ஆஸ்திரேலிய டாலர். வாங்கியவர் கொடுத்தது 4,79,700. இடையிலுள்ள 23 சதவீதம் வாங்குகிறவர் தரும் கமிஷன், ஏல நிறுவனத்துக்கே போகும். விற்கிறவர் கணக்கு சுத்தியல் விலையிலிருந்துதான் தொடங்கும், அதிலும் விற்பனைக் கமிஷன், படம், காப்பீடு என்று கழிப்பார்கள். பொருளைக் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்கவேண்டியவை: கமிஷன் எத்தனை சதவீதம், குறைந்தபட்ச விலை என்ன, விலைபோகாவிட்டால் திருப்பித் தரக் கட்டணம் உண்டா, பணம் எத்தனை நாளில் வரும்.

கேள்வி: 1948 காந்தி தபால்தலை நான்கும் இருக்கின்றன. ஒன்று பல கோடி என்கிறார்களே? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: அந்தச் செய்தி பத்து ரூபாய்த் தலையின் மேல் ‘சர்வீஸ்’ என்று அச்சடித்த, கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக மிகக் குறைவாகத் தயாரானதைப் பற்றியது. அதில் நான்கு சேர்ந்த துண்டு 2017இல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. உங்களிடம் இருப்பது சாதாரணத் தொகுப்பாக இருக்கும். அதில் பத்து ரூபாய்த் தலைக்குத்தான் விலை. பின்பக்கப் பசை கெடாமல், ஆல்பத்தில் ஒட்டிய தடம் இல்லாமல், ஓரப்பல் எல்லாம் முழுசாக இருந்தால் ஆயிரங்களில் வரும். பழுப்புப் புள்ளி விழுந்திருந்தால் பாதிக்கும் கீழே. நிஜத் தலையின் மேல் ‘சர்வீஸ்’ என்று பின்னால் அச்சடித்த போலிகள் உண்டு, நிபுணர் சான்று இல்லாமல் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தோட்டத்தில் குழி தோண்டும்போது செப்புக்காசுகள் வந்தன. லண்டனுக்கு அனுப்பி விற்கலாமா? (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: கூடாது. மண்ணிலிருந்து கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். காசுகளைக் கழுவாமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துவையுங்கள், ஆய்வாளர்களுக்கு அதுதான் முக்கியம்.

ஒரு பக்கம் அமர்ந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று இருந்தால் அது உங்கள் சமஸ்தானத்து அம்மன் காசு. பிரகதாம்பாள் உருவம் அது. ஏராளமாக அடித்ததால் விலை குறைவு. ஆனாலும் மண்ணில் எடுத்ததென்றால் தெரிவித்தே ஆகவேண்டும்.