அலைகளின் மேல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் எட்டு வயது மகளை இசை வகுப்பில் சேர்க்கப்போகிறேன். வயலினா, கீபோர்டா என்று வீட்டில் ஒரே சண்டை. ஸ்ட்ராஸின் 'அலைகளின் மேல்' என்ற வால்ட்ஸ் நடன இசை என்றால் அவளுக்கு உயிர். அதுபோன்ற எளிய இசையிலிருந்து தொடங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அது வியன்னா இசையமைப்பாளர் ஸ்ட்ராஸுடையது அல்ல. மூன்று நாளாக இதே மெட்டு தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் போட்டிருக்க மாட்டேன்.

எழுதியவர் ஹுவென்டினோ ரோசாஸ். மெக்ஸிகோவின் குவானஹுவாட்டோவில் 1868-ல் பிறந்த ஒட்டோமி பழங்குடியினர். சிறுவனாகக் குடும்பத்தோடு மெக்ஸிகோ நகரத் தெருக்களில் வயலின் வாசித்தவர். இசைக்கல்லூரியில் சேர்ந்தார், முடிக்கவில்லை. இந்த வால்ட்ஸ் 1888-ல் அச்சானது. இதையும் இன்னொரு உருப்படியையும் சேர்த்து 45 பெஸோவுக்குப் பதிப்பாளரிடம் விற்றதாகச் சொல்வார்கள். 1894-ல் இசைப்பயணம் போன இடத்தில், கியூபாவின் படபானோ துறைமுகத்தில் இறந்தார். வயது 26.

உடனே உச்சுக்கொட்டாதீர்கள். ஏழைக் கலைஞன் கதை எனக்கு அலுத்துவிட்டது. என் எரிச்சல் வேறு. ஸ்ட்ராஸ் ஒன்றும் இதைத் திருடவில்லை. நாம்தான் தூக்கிக் கொடுத்தோம். வால்ட்ஸ் என்றால் வியன்னா, வியன்னா என்றால் ஸ்ட்ராஸின் அந்த மீசை. தெருவில் வாசித்த பையனுக்கு இந்த நளினம் எப்படி வரும் என்ற நினைப்பு, சொல்லாமலே உள்ளே கிடக்கிறது. உங்கள் கடிதத்திலும் கிடக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் பிறந்த ஊருக்கே இன்று அவர் பெயர். நமக்குத்தான் வாயில் வரவில்லை.

'எளிய இசை'யா? சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து சர்க்கஸ் பார்த்தேன். உச்சியில் பார் விளையாட்டு, கீழே பேண்டில் இதே மெட்டு. ஊஞ்சல் ஒரு கோடிக்குப் போய் நிற்கும் கணத்தில் அந்த நீண்ட சுரமும் மூச்சைப் பிடித்து நிற்கும். அந்தப் பெண் கையை விட்டாள். அப்பா என் கணுக்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், விழப்போவது நான்தான் என்பதுபோல. அடுத்த தாளம் விழுந்தபோது அவள் மறுபக்கம் இருந்தாள்.

அந்த மெட்டுக்குச் சொந்தக்காரர் யாரென்று தெரிய எனக்கு முப்பது வருஷம் ஆனது. அதுவரை நானும் ஸ்ட்ராஸ் என்றுதான் சொல்லித் திரிந்தேன்.

வயலினா கீபோர்டா என்பதை அவளிடமே கேளுங்கள். எட்டு வயதாகிறதே.