நள்ளிரவில் கைக்கு எட்டும் தூரத்தில் எதை வைப்பது?

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்கதவை நெம்பித் திறந்து உள்ளே வந்தவர்கள், விழித்துக்கொண்ட பெரியவரைக் கத்தியைக் காட்டி உட்காரவைத்துவிட்டு நகைகளை எடுத்துச் சென்றார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் சரியில்லை. கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம் என்கிறார் அப்பா. மைத்துனர் ஓர் அரிவாளைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெப்பர் ஸ்பிரே போதும் என்பது என் மனைவியின் எண்ணம். அம்மாவுக்கு ஆஸ்துமா, பிள்ளைகள் இருவரும் சிறியவர்கள். உயிரைப் பறிக்காத ஒன்றையே மனம் விரும்புகிறது. ஆனால், அது அந்த நேரத்தில் பலிக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயமும் விடவில்லை.

ச.

அன்புள்ள ச.,

துப்பாக்கி வேண்டாம். அரிவாளை மைத்துனரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்பிரே வாங்கலாம், ஆனால் அம்மா படுக்கும் அறைக்குள் அது போகக் கூடாது. இப்படிச் சொல்வதற்கு என்னிடம் உள்ள காரணங்களில் முதலாவது சட்டமோ ஆயுதமோ அல்ல, என் வீட்டு வாசலில் நடந்த ஒன்று.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் இருந்த தெருவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும், யாரோ கதவைத் தோளால் தள்ளும் சத்தம் கேட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. வாசல் மூலையில் சாத்தி வைத்திருந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டேன். பழைய தாழ்ப்பாள் கழன்று கதவு திறந்தபோது கம்பி என் தலைக்கு மேல் உயர்ந்திருந்தது. பின்னால் நின்ற என் மனைவி கைப்பேசி விளக்கைப் போட்டார். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது நனைந்த வேட்டியின் ஓரம், பிறகு பொத்தல் விழுந்த ஒரு பனியன், பிறகு பக்கத்து வீட்டுத் தாத்தாவின் முகம். மறதி நோய் முற்றியிருந்த அவர், எல்லாக் கதவுகளும் ஒன்றுபோல் இருக்கும் அந்த வரிசையில் தன் வீடு என்று நினைத்து எங்கள் கதவைத் தள்ளியிருக்கிறார். விளக்கு ஒரு நொடி தாமதித்திருந்தால் நான் யாராகியிருப்பேன் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வடசென்னையில் இரவு என்பது ஊர் அடங்கிய நேரம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் விடியலுக்கு வெகுமுன்பே கிளம்புவார்கள். துறைமுகத்திலும் எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளிலும் இரவுப் பணி முடித்தவர்கள் திரும்பி வருவார்கள். குடித்துவிட்டு வீடு மாறி வருகிறவரும் இருப்பார். ஆகவே, தவறிப்போனால் திருத்திக்கொள்ள வாய்ப்புள்ள கருவியையே நம்மைப்போல் சுவரைப் பகிர்ந்து வாழ்கிறவர்கள் கையில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கண் எரிந்த தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்கலாம்.

சட்டம் நம்மைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், தாக்குகிறவரின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவதையும் 41ஆம் பிரிவு அந்த வரிசையில் வைத்திருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் ஊறு செய்யக் கூடாது என்ற 37ஆம் பிரிவின் வரம்பு எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. திருடன் வெளியே ஓடிய பின் துரத்திப் போய் வெட்டுவது தற்காப்பு ஆகாது. ஆபத்தில் இருப்பவர் தன் அடியைத் தராசில் நிறுத்து அடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2021 ஜனவரியில், நமக்கு வடக்கே சோழவரம் பக்கத்தில், கத்தி முனையில் தன்னைப் பலாத்காரம் செய்ய வந்தவனை அதே கத்தியால் குத்திக் கொன்ற 19 வயதுப் பெண்ணைக் காவல்துறை தற்காப்பு என்று ஏற்று விடுவித்தது. உங்கள் பிள்ளையின் கழுத்தில் கத்தி இருக்கும் நேரத்தில், கையில் கிடைத்ததை எடுத்து முழுப் பலத்தோடு அடியுங்கள்; அங்கே தயங்கச் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நிமிடத்தை மனத்தில் வைத்து மற்ற எல்லா இரவுகளுக்கும் அரிவாளைப் பக்கத்தில் வைத்துப் படுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். சென்னையில் துப்பாக்கி உரிமம் கேட்டு மாநகரக் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். விசாரணை நடக்கும், பயிற்சி பெற்றிருக்க வேண்டும், ஏன் தேவை என்று காட்ட வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இவை எல்லாம் கைகூடினாலும் வீட்டுக்குள் ஒரு சிக்கல் தீராமலே இருக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பீரோவில் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைத்தாக வேண்டும். அப்படி வைத்தால் இரவு இரண்டு மணிக்கு அது கைக்கு வராது. கைக்கு வரும்படி வைத்தால் ஒருநாள் பிள்ளையின் கைக்கும் வரும். குறி தவறிய குண்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையையோ ஒட்டுப்பலகைக் கதவையோ துளைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் போகும் என்பதையும் அவர் நினைத்துப் பார்க்கட்டும்.

பெப்பர் ஸ்பிரேவுக்கு உரிமம் தேவையில்லை. அதற்காக அதை வாசனைத் தைலம்போல் எண்ணிவிடக் கூடாது. 2014 பிப்ரவரி 13 அன்று மக்களவையில் உறுப்பினர் ஒருவர் இந்த ஸ்பிரேயை அடித்தபோது, அவ்வளவு பெரிய மண்டபத்திலேயே பலர் இருமித் தவித்து, சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பத்துக்குப் பத்து அறையில், மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போது, அது முதலில் உங்கள் அம்மாவின் மூச்சைத்தான் பிடிக்கும். புகைபோல் பரவாமல் நேர்க்கோட்டில் பீய்ச்சும் வகையை, அல்லது பசைபோல் ஒட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். திறந்த வெளியில் ஒருமுறை அடித்துப் பழகுங்கள். 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது இதைப் பயன்படுத்தியதைத் தற்காப்பு என்று ஏற்க மறுத்து, இதையும் ஆபத்தான ஆயுதமாகவே பார்த்தது. தெருச் சண்டைக்கு எடுத்துப் போகிற பொருள் அல்ல இது. மிளகாய்ப்பொடியை நம்ப வேண்டாம்; ஈரக்காற்றில் கட்டியாகிவிடும், விசிறிக்காற்றில் எறிந்தவர் முகத்துக்கே திரும்பும்.

யாராவது சுற்றுச்சுவர்க் கம்பியில் மின்சாரம் பாய்ச்சலாம் என்று யோசனை சொன்னால், தயவுசெய்து காதில் வாங்காதீர்கள். பந்தை எடுக்க ஏறும் பையனையும் அது கொல்லும். அதற்குத் தற்காப்பு என்ற பெயர் எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது.

2019 ஆகஸ்டில், அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கடையம் அருகே, அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளையர் இருவரை ஒரு முதிய தம்பதி விரட்டிய காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கையில் இருந்தவை செருப்பும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். அவர்கள் துணிச்சலை வணங்குகிறேன். ஆனால் நகையை மட்டும் கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்றே உங்களுக்குச் சொல்வேன்.

உங்கள் தெருவில் நெம்பியது பின்கதவை என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பிரே வாங்கும் முன் தச்சரையும் வெல்டிங் வேலை செய்பவரையும் கூப்பிடுங்கள். பின்கதவின் நிலை உளுத்திருக்கிறதா என்று பார்த்து, உள்பக்கம் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையும், வெளியே கிரில் கேட்டும் போடச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் உடனே திறக்கும்படி கிரில் சாவி உள்ளே ஒரே ஆணியில் தொங்கட்டும். பின்கட்டு விளக்கின் சுவிட்சைப் படுக்கையறைக்குக் கொண்டுவாருங்கள். அம்மாவும் பிள்ளைகளும் படுக்கும் அறைக் கதவுக்கு உட்புறம் நல்ல தாழ்ப்பாள் வேண்டும். அந்த அறையில் அம்மாவின் இன்ஹேலரும், 100க்கும் பக்கத்து வீட்டுக்கும் அழைக்கப் பழகிய ஒரு கைப்பேசியும் இருக்கட்டும். ஸ்பிரே உங்களிடமும் உங்கள் மனைவியிடமும், அந்தக் கதவுக்கு வெளியே இருக்கட்டும். சத்தம் கேட்டால் முதலில் விளக்கைப் போட்டு, யாரென்று உரக்கக் கேளுங்கள்.