நாவல்கொட்டைச் சூரணமும் நனையும் பாயும்

கொளத்தூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “ஏழு வயது மகன் வாரத்தில் நான்கு இரவு படுக்கையை நனைக்கிறான். மாமியார் தினமும் எள்ளுருண்டை கொடுக்கிறார். வாட்ஸ்அப்பில் ஒருவர் நாவல்கொட்டைச் சூரணம் விற்கிறார். மாதம் 2,400 ரூபாய், அரசு அங்கீகாரம் உண்டு என்கிறார். இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா டாக்டர்?”

எள்ளுருண்டை சத்தான பண்டம்தான் அம்மா, அதற்காக மாமியாரோடு சண்டை வேண்டாம். ஆனால் அது படுக்கை நனைவதை நிறுத்தும் என்று காட்டும் நம்பத்தகுந்த ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. நாவல்கொட்டையில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சர்க்கரை நோய்க்கானவை. அவற்றிலும் பெரும்பகுதி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவை.

அப்படியானால் இதைத் தின்ற பக்கத்து வீட்டுப் பையனுக்கு எப்படி நின்றது என்று கேட்பீர்கள். இந்தத் தொல்லை உள்ள குழந்தைகளில் 100 பேருக்குச் சுமார் 15 பேருக்கு ஒவ்வோர் ஆண்டும் மருந்தே இல்லாமல் நின்றுவிடுகிறது. அந்த மாதம் எதைத் தின்றார்களோ அதற்குப் பெயர் கிடைக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது; இப்போது காக்கையை விற்க ஒருவர் கிளம்பிவிட்டார்.

‘அரசு அங்கீகாரம்’ என்ற சொல்தான் எனக்கு எரிச்சல். டப்பாவில் இருப்பது தயாரிப்பு உரிம எண். பழைய நூலில் உள்ள கலவை என்றால், அந்த உரிமத்துக்குக் குழந்தைகளிடம் புதிதாகச் சோதித்துக் காட்டத் தேவையில்லை. இதை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை, விற்பவரா சொல்வார்? அந்த எண்கூட இல்லாமல் வெறும் பாக்கெட்டில் வரும் பொடியைத் தொடவே தொடாதீர்கள். ஒரே வாரத்தில் ‘அற்புதமாக’ வேலை செய்தால் எனக்கு இன்னும் பயம், உள்ளே ஆங்கில மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கிறார்களோ என்று. படுக்கை நனைவதற்குத் தரும் ஒரு பழைய மாத்திரை, அளவு மீறினால் குழந்தையின் இதயத்தையே பாதிக்கும். நாட்டு மருந்துக் கடைகள் உள்ள ராசப்ப செட்டி தெருவில் நாவல்கொட்டை என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். 2,400 ரூபாய் எங்கே போகிறது என்று தெரியும். சித்த மருத்துவம்தான் வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது. படித்த மருத்துவர் குழந்தையைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மறுபடி நனைத்தால் அது வேறு கதை. தாகம் அடங்காமல் தண்ணீர் கேட்கிறானா? நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறானா? மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா? சர்க்கரை நோயாக இருக்கலாம்; அன்றைக்கே விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பாருங்கள். நாளை என்று தள்ளாதீர்கள். பொடியைக் கொடுத்து மூன்று வாரம் கடத்திவிட்டு, வாந்தியும் மூச்சிரைப்புமாகக் குழந்தையைத் தூக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் பிறந்ததிலிருந்தே நனைப்பவன் என்றால் இவ்வளவு பதற்றம் வேண்டாம். ஆனாலும் ஒரு முறை சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். திட்டுவது, தம்பி முன்னால் கேலி செய்வது வேண்டாம்; அவன் வேண்டுமென்று செய்யவில்லை. ஆதாரம் உள்ள வழி, ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம். இரண்டு மூன்று மாதம் விடாமல் பயன்படுத்தினால் மூன்றில் இரண்டு குழந்தைகளுக்குப் பலன் கிடைக்கிறது. மருந்துக் கடையில் கேட்டால் பலர் விழிப்பார்கள், இணையத்தில்தான் தேட வேண்டியிருக்கும். முதல் சில வாரம் அந்தச் சத்தத்துக்கு அவன் எழமாட்டான், வீடே எழும். அவனை நன்றாக விழிக்கவைத்து, அவன் காலாலேயே கழிப்பறைக்கு நடக்கவிடுங்கள்.