வேப் (மின் சிகரெட்) தடையை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தா கேஸ் ஆகுமா?

கோட்டையூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. மலேசியாவுல வேலை பார்த்தப்ப சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறினவர், இப்ப ஊரோட வந்துட்டார். இவரும் கூட்டாளிங்களும் சேர்ந்து "தடையை நீக்குறவங்களுக்கே எங்க ஓட்டு"ன்னு பேனர் கட்டி மனுவும் கொடுக்கப் போறாங்களாம், அப்பா போலீஸ் வரும்ங்கிறாராம். பினாங்குல இருக்கிற சித்தப்பா மகன் ஓட்டு போடலாமான்னும் கேட்டிருக்கார்.

தம்பி, மனு தாராளமா கொடுக்கலாம், ஒரு சட்டத்தை மாத்துன்னு கேக்குறது குத்தமே இல்ல. 2019 செப்டம்பர்ல அவசரச் சட்டமா வந்து டிசம்பர்ல சட்டமானதுல தடை எதுக்குன்னா தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, ஸ்டாக் வைக்கிறது, விளம்பரம் இதுக்கெல்லாம்தான், குடிக்கிறதுக்குன்னு தனியா தண்டனை எழுதல. அதுக்காக மலேசியாவுல இருந்து யாரையாவது வாங்கிட்டு வரச் சொல்லிடாதீங்க, இறக்குமதிக்கு முதல் தடவையே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட போடலாம்.

அப்பா பயப்படுறதுல பாதி நியாயம் இருக்கு, அது பேனர் விஷயத்துல. நேரடியாவோ மறைமுகமாவோ வேப் குடிக்கத் தூண்டுற எதுவும் விளம்பரம்தான், அதுக்கும் இதே தண்டனை. பேனர்ல வேப் படம், ஃப்ளேவர் பேரு, "சிகரெட்டுக்கு இது எவ்வளவோ மேல்"னு ஒரு வரி, இதுல ஒண்ணு இருந்தாலும் நீங்களே போய் மாட்டிக்கிறீங்க. "2019 சட்டத்தை மறுபரிசீலனை செய்க"ன்னு மட்டும் இருந்தா அது அரசியல் கருத்து. மனுவுலயும் "நான் டெய்லி யூஸ் பண்றேன், வீட்ல இவ்ளோ இருக்கு"ன்னு வாக்குமூலம் எழுதாதீங்க.

ஓட்டை வச்சு கேக்குறது லஞ்சம் ஆகாதா? ஆகாது. காசு வாங்கிட்டு ஓட்டு போட்டா குத்தம், கொள்கை வாக்குறுதியை பார்த்து போட்டா குத்தமில்லன்னு சட்டமே சொல்லுது.

ஆனா யார்கிட்ட கேக்குறீங்க? இது மத்திய சட்டம், எம்எல்ஏ ஒண்ணும் பண்ண முடியாது. திங்கக்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல வரிசையில நின்னு கொடுத்தா ரசீது கிடைக்கும், அவ்வளவுதான். போக வேண்டியது சிவகங்கை எம்பிகிட்ட, காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் எல்லாம் அவர் தொகுதிதான். சட்டத்தை நீக்குங்கன்னு எடுத்த எடுப்புல கேட்டா சிரிச்சுக்கிட்டே வாங்கி வச்சுப்பாங்க, அதுக்குப் பதிலா "தடைக்கு அப்புறம் எத்தனை கேஸ், எவ்வளவு பறிமுதல், பசங்க கையில போறது நின்னுச்சா"ன்னு பார்லிமென்ட்ல ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க, கேள்வி ஏத்துக்கப்பட்டா அமைச்சகம் எழுத்துல பதில் சொல்லியாகணும். அதையே 10 ரூபா கட்டி ஆர்டிஐலயும் கேக்கலாம்.

அமெரிக்காவுல வேப் குடிக்கிறவங்க ஓட்டை காட்டி மிரட்டுனாங்களே, நாமும் பண்ணா என்னன்னு தோணும். 2019ல டிரம்ப் அரசு ஃப்ளேவர் எல்லாத்தையும் தடுக்கப் போறோம்னுச்சு, அந்த மிரட்டலுக்கு அப்புறம் 2020 ஜனவரியில தடை வந்தப்ப கார்ட்ரிட்ஜ் (கருவியில மாட்டுற குப்பி) ஃப்ளேவருக்கு மட்டும்தான், அதுலயும் மென்தால், புகையிலைக்கு விலக்கு. ஆனா அங்க ஊர் ஊருக்கு கடை இருந்துச்சு, கூட்டம் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. இங்க வெளிய சொல்லவே பயப்படுற ஆளுங்க, ஓட்டு எண்ணிக்கையை காட்டி மிரட்டல் செல்லாது. பசங்களுக்கு நிக்கோடின் பழக்கம் ஒட்டிக்கும்ங்கிற பயத்துலதான் சட்டமே வந்துச்சு, அது நியாயமான பயம், அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கணும்.

சித்தப்பா மகன் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டுன்னா படிவம் 6ஏ போட்டு பாஸ்போர்ட்ல இருக்கிற ஊர் முகவரியில பேரைச் சேர்க்கலாம். ஓட்டு மட்டும் நேர்ல வந்து, ஒரிஜினல் பாஸ்போர்ட்டை காட்டித்தான் போடணும், டிக்கெட் செலவு அவரோடது. மலேசிய குடியுரிமை வாங்கிட்டார்னா இங்க ஓட்டே கிடையாது.